தொட்டுச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்

வடமாகாணக் கல்வி, சுகாதார, சமூக சேவைத் துறைகளின் அதிகாரிகளுக்கும், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டச் செயலாளர்களுக்கும், இந்த இரண்டு மாவட்டங்களின் பத்துப் பிரதேச செயலாளர்களுக்கும்.

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் மேசையில் எவ்வளவு கடிதம் குவிந்து கிடக்கும் என்று எனக்குத் தெரியும். காதும் கேட்காமல் கண்ணும் தெரியாமல் வாழ்கிறவர்கள் உங்கள் பிரதேசத்தில் யார் யார் என்று ஒரு பதிவு எடுங்கள். அப்புறம், அவர்களோடு கையைத் தொட்டுப் பேசப் பழகிய ஒரு ஆளை ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் சம்பளத்தோடு வையுங்கள். இவ்வளவுதான். கட்டடம் வேண்டாம், வாகனம் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம்.

நான் கண்டாவளைப் பக்கத்து ஆள். என் தங்கச்சி இருபுலனும் இழந்தவள். இந்த மடலை அவளுக்குத் தெரியாமல் எழுதவில்லை. பந்தி பந்தியாக அவள் கையில் சொல்லிக் காட்டித்தான் எழுதினேன். இரண்டு இடங்களை வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன். என்ன வெட்டினேன் என்று கேட்காதீர்கள். மிச்சம் எல்லாம் அவள் சம்மதத்தோடு வருகிறது.

காது கேட்காத ஒருவருக்குக் கண் இருக்கிறது. சைகை பார்ப்பார், உதட்டைப் பார்ப்பார், எழுதிக் காட்டினால் வாசிப்பார். கண் தெரியாத ஒருவருக்குக் காது இருக்கிறது. பஸ் வரும் சத்தம், ஆள் நடக்கும் சத்தம், வானொலி, தொலைபேசி எல்லாம் அவருக்கு வழி காட்டும். நமது சேவைகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கின்றன. ஒன்று போனவருக்கு மற்றதைக் கொண்டு உதவலாம் என்ற கணக்கு. இரண்டும் போனவருக்கு அந்தக் கணக்கு அப்படியே குழம்பிவிடும். அவருக்குச் செவிப்புலனற்றோர் உதவியில் பாதியும் விழிப்புலனற்றோர் உதவியில் பாதியும் கொடுத்தால் எதுவும் போய்ச் சேராது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கூட்டங்களுக்கு வாருங்கள். விழிப்புலனற்றோர் கூட்டம் என்றால் ஒலிவாங்கி, பேச்சு, பாட்டு. செவிப்புலனற்றோர் கூட்டம் என்றால் முன்னால் ஒருவர் நின்று சைகையில் சொல்லுவார், மண்டபம் முழுக்கக் கைகள் ஆடும். தங்கச்சி இரண்டுக்கும் போயிருக்கிறாள். இரண்டிலும் சாப்பாட்டுப் பார்சல் மடியில் வந்து விழுந்தபோதுதான் கூட்டம் முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒருமுறை உதவிக்கு விண்ணப்பிக்கப் போனோம். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே இருந்த உத்தியோகத்தர் நல்ல பிள்ளை, அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. படிவத்தில் பார்வை ஒரு கட்டம், செவிப்புலன் ஒரு கட்டம். “அக்கா, எதுக்குப் புள்ளடி போட?” என்று கேட்டார். இரண்டுக்கும் போடுங்கோ என்றேன். “ரெண்டு போட்டால் கொம்பியூட்டர் எடுக்காது அக்கா” என்றார். கடைசியில் பார்வைக்குப் போட்டார். அதன்படி எங்களுக்கு ஒரு வெள்ளைப் பிரம்பும், பொத்தானை அமத்தினால் நேரம் சொல்லும் மணிக்கூடும் வந்தன. காது கேட்காத பிள்ளைக்குப் பேசும் மணிக்கூடு! அது இப்போது அண்ணன் மகனின் விளையாட்டுச் சாமான். காலையில் எங்கள் எல்லோரையும் எழுப்பிவிடுகிறது, அவளைத் தவிர.

இப்படிப்பட்டவர்கள் எங்கேயோ ஒன்றிரண்டு பேர், அவர்களுக்காக ஒரு ஆளை வைப்பதா என்று நீங்கள் நினைக்கலாம். உலக இருபுலன் இழந்தோர் சம்மேளனம் 2018 இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 22 நாடுகளின் கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்ததில், சனத்தொகையில் சுமார் 0.2 வீதமானோர் கடுமையாக இருபுலனும் பாதிக்கப்பட்டவர்கள் என்று வந்தது. 2012 கணக்கெடுப்பில் கிளிநொச்சி மாவட்டத்தில் 113,510 பேர், முல்லைத்தீவில் 92,238 பேர். இரண்டும் சேர்ந்து இரண்டு இலட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. 0.2 வீதம் என்றால் நானூறு பேர் வரும். இது ஒரு மதிப்பீடுதான், இங்கே வீடு வீடாக எண்ணி எடுத்ததல்ல. பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருநூறு பேர் எங்கே? எந்தக் கூட்டத்திலும் நான் கண்டதில்லை. வீட்டின் பின் அறையில், விறாந்தைக் கட்டிலில், “அவவுக்கு ஒண்டும் விளங்காது” என்ற ஒரு வசனத்துக்குப் பின்னால் இருக்கிறார்கள்.

பதிவு எடுப்பது பெரிய வேலையும் இல்லை. 2012 கணக்கெடுப்பில் பார்ப்பதில் கஷ்டம் உண்டா, கேட்பதில் கஷ்டம் உண்டா என்று தனித்தனியாகக் கேட்டார்கள். அந்த இரண்டு விடைகளையும் ஒரே ஆளுக்குச் சேர்த்துப் பார்த்தால் ஒரு தொகை வரும். 2024 கடைசியில் தொடங்கிய கணக்கெடுப்பின் தரவுகளிலும் இப்படிச் சேர்த்துப் பார்த்து, பிரதேச வாரியாகத் தரும்படி புள்ளிவிபரத் திணைக்களத்தைக் கேளுங்கள். பெயர் விபரம் அவர்கள் தரமாட்டார்கள், தரவும் கூடாது. பெயருக்கு வேறு வழி இருக்கிறது. கிராம அலுவலருக்கு எல்லா வீடும் தெரியும். அவருக்குத் தெரியாததும் குடும்பநல மருத்துவமாதுவுக்குத் தெரியும். இரண்டு பேரையும் ஒரு மேசையில் இருத்தினால் ஒரு பகலில் முடியும் வேலை.

இங்கிலாந்தில் 2001 இல் அரசாங்கம் உள்ளூர் சபைகளுக்கு ஒரு பணிப்புரை அனுப்பியது. அதில் முதல் கடமையே, உங்கள் பகுதியில் இருக்கும் இருபுலன் இழந்தோரைத் தேடிக் கண்டுபிடி, தொடர்புகொள், பதிவு வை என்பதுதான். பிறகு, இந்தத் துறை தெரிந்த ஒருவரைக் கொண்டு அவர்களின் தேவையை மதிப்பிடு, தேவைப்படுகிறவருக்குத் தனி ஆள் உதவி கொடு என்று வருகிறது. பணக்கார நாடு, செய்வார்கள்தானே என்று சொல்லலாம். ஆனால் தேடிக் கண்டுபிடிக்கப் பணம் தேவையில்லை.

யார் இவர்கள் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் தேடப் போகிறவருக்கு எங்கே தேடுவது என்று தெரிய வேண்டும்.

ஒரு காலத்தில் கர்ப்பிணிகளுக்கு வந்த ஜேர்மன் சின்னமுத்து, அதாவது ருபெல்லா, பெரிய காரணமாக இருந்தது. பிள்ளை கண்ணில் வெண்புரையோடும் காது கேளாமலும், சிலவேளை இதயத்தில் ஓட்டையோடும் பிறக்கும். இங்கே சுகாதாரத் துறையைப் பாராட்டியே ஆக வேண்டும். 1996 இல் ருபெல்லாத் தடுப்பூசி தொடங்கியது. 2020 ஜூலையில் இலங்கை ருபெல்லாவை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் அதற்கு முன் பிறந்தவர்கள் இப்போது முப்பது, நாற்பது வயதில் இருக்கிறார்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகள், மூளைக்காய்ச்சல் வந்து தப்பிய பிள்ளைகள் சிலருக்கும் இரண்டு புலனும் பாதிக்கப்படும். அப்புறம் எங்கள் மண்ணுக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் செல் விழுந்து வெடித்தால் முதலில் கிழிவது செவிப்பறை. சிதறல் கண்ணிலும் பட்டிருந்தால் என்ன ஆகும் என்று வன்னியில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அப்படிப்பட்டவர்கள் “கண் போனவர்” என்றுதான் பதிவில் இருப்பார்கள். காதின் கதையை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எண்ணிக்கையில் கூடியவர்கள் முதியவர்கள். கண்ணில் புரை விழுந்து, காதும் மந்தமாகி, “வயசு போட்டுது” என்று விட்டுவிடப்பட்டவர்கள். இவர்களில் பலருக்கு இரண்டில் ஒன்றையாவது திருப்பிக் கொடுக்கலாம். வெண்புரைச் சத்திரசிகிச்சை அதே நாளில் வீடு திரும்பக்கூடியது. சுகாதாரத் துறையிடம் ஒரு தனிக் கோரிக்கை: வெண்புரைக்காகக் காத்திருப்போர் பட்டியலில் காது கேட்காதவர் இருந்தால் அவரை முன்னுக்கு எடுங்கள். அவருக்கு அந்தக் கண், மற்றவருக்குக் கண்ணும் காதும் சேர்ந்தது.

தங்கச்சியின் கதை வேறு. அவள் பிறவியிலேயே காது கேளாதவள். நடக்கத் தொடங்கவும் பிந்தியது. வன்னிக்கு வெளியே ஒரு விடுதிப் பாடசாலையில் சேர்த்தோம். அங்கே சைகைமொழி கற்றாள், எழுத்துக் கற்றாள். பெருநாள் லீவுகளுக்கு வரும்போதெல்லாம் புதிதாக நிறையக் கதைகள் கொண்டுவருவாள். 2006 ஆகஸ்ட் விடுமுறைக்கு வீடு வந்தாள். போரில், வன்னியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் முகமாலைப் பாதை பூட்டுப்பட்டது. அவளுடைய படிப்பு அதோடு முடிந்தது.

அந்த நாட்களில்தான் பொழுதுபட்டால் தட்டுப்படத் தொடங்கினாள். கிணற்றடிக்குப் போய் வாளியில் கால் அடிபடும். வாசலில் நிற்கும் ஆளோடு மோதுவாள். மாலைக்கண் என்று சொல்லி அம்மம்மா முருங்கைக்கீரையும் ஈரலும் கொடுத்தா. கீரையால் தீரும் மாலைக்கண் ஒன்று உண்டு, இது அதல்ல. இது அஷர் சிண்ட்ரோம். 1914 இல் இதைப் பற்றி எழுதிய சாள்ஸ் அஷர் என்ற ஸ்கொட்லாந்துக் கண் வைத்தியரின் பெயர். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் ஒரே பழுதுபட்ட மரபணு பிள்ளைக்கு வந்து சேர்ந்தால் இது வரும். மச்சான் மச்சாள் கலியாணங்களில் அப்படிச் சேரும் வாய்ப்புக் கூடுதல், எங்கள் ஊர்களில் அந்தக் கலியாணங்களும் கூடுதல். பிள்ளை காது கேளாமல் பிறக்கும். சிலருக்கு உடம்பின் சமநிலையும் குறைவு, அதனால்தான் நடை பிந்துவது. பிறகு பத்து வயதை ஒட்டி இரவுப் பார்வை போகும், பக்கப் பார்வை சுருங்கும், கடைசியில் ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பது போல நடுவில் கொஞ்சம் மிஞ்சும். தங்கச்சிக்கு இப்போது நல்ல வெயிலில் நேரே முன்னால் இருப்பது கொஞ்சம் தெரியும். வானம் மூடினால் அதுவும் இல்லை.

கல்வித் துறையிடம் நான் கேட்பது இங்கேதான் வருகிறது. காது கேளாத பிள்ளைகள் நூறு பேரில் மூன்று முதல் ஆறு பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணிப்பு. காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்கென்று கைதடியில் நவீல்ட் பாடசாலை இருக்கிறது, சுன்னாகத்தில் வாழ்வகம் இருக்கிறது, இரத்மலானையில் ஒரு பழைய பாடசாலை இருக்கிறது. சாதாரணப் பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகளும் இருக்கின்றன. காது கேளாத ஒவ்வொரு பிள்ளையின் விழித்திரையையும் வருடத்துக்கு ஒருமுறை கண் வைத்தியர் பார்க்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். ஆசிரியர்களுக்கு இரண்டே கேள்வி சொல்லிக்கொடுங்கள்: பிள்ளை நடக்கப் பிந்தியதா, இருட்டில் தடுமாறுகிறதா? நோயை மாற்ற முடியாதுதான். ஆனால் கண் இருக்கும்போதே பிறெயில் தொடங்கலாம், பிரம்பு பழக்கலாம், கையில் சைகை பழக்கலாம். ஐந்து வருடம் முந்திக்கொள்ளலாம். அந்த ஐந்து வருடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

எங்களுக்குப் பங்கர்தான் பள்ளிக்கூடம். சிரிக்காதீர்கள், உண்மை. 2008 கடைசியில் இருந்து இடம் மாறி மாறி, விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போன காலம். இரவில் விளக்குக் கொளுத்த முடியாது. காதும் கேட்காத, இருட்டில் கண்ணும் தெரியாத ஒரு பிள்ளையோடு பங்கருக்குள் எப்படிக் கதைப்பது? கையைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. முதுகில் உள்ளங்கையை அழுத்தி வைத்தால், அசையாதே. தோளில் இரண்டு தட்டு, வெளிக்கிடு. மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தால், தண்ணீர் இருக்கிறது குடி. கிபிர் போர் விமானம் வருவது எங்களுக்குக் கேட்கும் முன்னமே சிலவேளை அவளுக்குத் தெரியும், மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பாள். கொஞ்ச நாளில் அவள் என் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொள்ள, நான் அவள் படித்த அதே சைகைகளை அவள் கைகளுக்குள் செய்யத் தொடங்கினேன். ஒருவரும் சொல்லித்தரவில்லை. பிறகு வருடங்கள் கழித்துத்தான், உலகம் முழுக்க இருபுலன் இழந்தோர் இப்படித்தான் சைகை பேசுகிறார்கள் என்று தெரிந்தது. முகாமில் எல்லாத் தரப்பாள் கொட்டிலும் ஒரே மாதிரி இருந்ததால், எங்கள் வாசல் கம்பில் ஒரு துணி முடிச்சுக் கட்டி வைத்தோம். தடவிப் பார்த்து வருவாள்.

இதையெல்லாம் இரக்கத்துக்காக எழுதவில்லை. ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு குடும்பம் இவ்வளவு செய்ய முடிந்ததென்றால், கதிரையும் மேசையும் சம்பளமும் உள்ள ஒரு அலுவலகம் எவ்வளவு செய்யலாம் என்று காட்டவே எழுதுகிறேன்.

உலகத்தில் இதற்கு வழிகள் ஏராளம். இங்கிலாந்தில் கையில் எழுத்துக் கூட்டும் முறை ஒன்று உண்டு, ஐந்து விரல் நுனிகளும் ஐந்து உயிரெழுத்துகள். பெருவிரல் நுனியைத் தொட்டால் ஏ, சுட்டுவிரல் நுனி ஈ என்று போகும். யப்பானில் சதோஷி புகுஷிமா என்று ஒருவர். ஒன்பது வயதில் பார்வை போயிற்று, பதினெட்டில் கேள்வியும் போயிற்று. பிறெயில் தெரிந்த அவருடைய தாய், ஒருநாள் மகனின் விரல்களையே பிறெயில் தட்டச்சுப் பொறியின் ஆறு விசைகளாக வைத்து, அவற்றில் தட்டிப் பேசினா. அந்த முறை இன்று யப்பான் முழுக்கப் பாவனையில் இருக்கிறது. மகன் தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தமிழ்ப் பிறெயிலும் ஆறு புள்ளிதான். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் ஆறு விரலில் தட்டிவிடலாம். பிறெயில் தெரிந்த, பிறகு காது மந்தமான எத்தனை பெரியவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள்! அவர்களுக்கு இதைக் காட்டிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டாமா? பிறெயிலும் தெரியாது, சைகையும் தெரியாது என்கிற முதியவருக்கு உள்ளங்கையில் பெரிய எழுத்தாக எழுதிக் காட்டலாம், வாசிக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும்.

ஹெலன் கெல்லரை எல்லோருக்கும் தெரியும். பாடப்புத்தகத்தில் வருகிறா, பேச்சுப்போட்டியில் வருகிறா. பேச்சுப்போட்டியில் வராதது என்னவென்றால், ஆன் சலிவன் என்ற ஆசிரியை 1887 மார்ச்சில் அந்த வீட்டுக்கு வந்தது சம்பளத்துக்கு. ஏறத்தாழ ஐம்பது வருடம், தான் இறக்கும்வரை, கூடவே இருந்தா. ஹெலன் 1904 இல் பட்டம் பெற்றபோது விரிவுரைகளைக் கையில் எழுத்துக் கூட்டிச் சொன்னதும் அவதான். இன்று அமெரிக்காவில் ஹாபென் கிர்மா என்ற இருபுலன் இழந்த சட்டத்தரணி இருக்கிறா. ஹாவார்ட் சட்டக் கல்லூரியில் 2013 இல் பட்டம் பெற்றவ. தாய் எரித்திரியப் போரில் இருந்து தப்பி ஓடிய அகதி. எங்களைப் போல ஒரு குடும்பம். அவ முன்னேறியதற்குத் திறமை மட்டும் காரணமல்ல. வகுப்பில் நடப்பதை அவவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆள் ஒன்றைத் தர வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது.

ஆகவே ஆள் விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக ஒருவரையும் எடுக்கச் சொல்லவில்லை. பிரதேச செயலகங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் நிறைய இருக்கிறார்கள். பட்டதாரிப் பிள்ளைகள். சில இடங்களில் இருக்கக் கதிரை பத்தாது என்று அவர்களே பகிடி விடுவார்கள். அவர்களில் விருப்பமுள்ள ஒருவரை எடுத்து, சைகைமொழியும் பிறெயிலின் அடிப்படையும் தொடுகைத் தொடர்பும் பழக்குங்கள். பழக்குவதற்கு இருபுலன் இழந்தவரையே சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள். தங்கச்சி வருவாள். அவள் படிப்பிக்கும் முதல் பாடம் என்னவென்று சொல்லிவிடுகிறேன்: எங்கள் கையை மேலே இருந்து பிடித்து இழுக்காதே, உன் கையை எங்கள் கைக்குக் கீழே கொண்டுவந்து வை. பிடிப்பதா விடுவதா என்று நாங்கள் முடிவெடுப்போம்.

ஒரு சங்கடமான விஷயத்தையும் எழுதத்தான் வேண்டும். தொட்டுப் பேசுவது என்பது எங்கள் ஊரில் லேசான காரியமல்ல. வயது வந்த பெண்ணின் கையை ஒரு ஆம்பிளை மணிக்கணக்காகப் பிடித்துக்கொண்டிருந்தால் ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும். ஊர் வாய்க்காக மட்டும் சொல்லவில்லை. யார் தொடுகிறார் என்று பார்க்க முடியாத, கூப்பிட்டுக் கத்தினாலும் பதில் கேட்க முடியாத ஒரு பெண்ணிடம் தவறாக நடப்பது எவ்வளவு சுலபம் என்று யோசியுங்கள். பெண்களுக்குப் பெண்ணையே வையுங்கள். ஆளைத் தெரிவு செய்யும்போது குடும்பத்தை மட்டும் கேட்காமல் சம்பந்தப்பட்டவரையும் கேளுங்கள். அந்த ஆள் தன்னை அடையாளம் காட்ட எப்போதும் ஒரே தொடுகையைப் பயன்படுத்த வேண்டும். எங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கிறது. என்னுடையது அவளுடைய இடது முழங்கையில். அந்த அடையாளம் இல்லாமல் யாரும் தொட்டால் அவள் பிரம்பைத் தூக்குவாள், நான் தடுக்கமாட்டேன்.

வருமானம் குறைந்த குடும்பங்களில் வலுவிழந்தோருக்கான மாதக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயில் இருந்து 10,000 ஆனது. நன்றி. அது சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் பஸ்ஸுக்கும் போகிறது. அதில் ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. இன்று அந்த ஆள் நான்தான், இல்லாவிட்டால் அம்மா. அம்மாவுக்கு எழுபதாகிறது. நான் வேலைக்குப் போகும் நாட்களில் தங்கச்சியின் உலகம் கோழிக்கூட்டில் இருந்து கட்டில் வரைக்கும்தான். கோழிகளைத் தடவியே எது எது என்று சொல்லுவாள், அது வேறு கதை. ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் ஒருவர் வந்து ஊர்ப் புதினம் சொன்னால், கடைக்குக் கூட்டிப்போனால், வங்கியில் அவளுடைய கையெழுத்து எதற்கு என்று அவளுக்கே விளங்கப்படுத்தினால், அவளும் ஒரு பிரசையாக வாழுவாள், அம்மாவும் கொஞ்சம் படுத்து எழும்புவா.

மழைக்காலம் வருவதால் இதையும் சொல்கிறேன். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வான்கதவு திறந்தால் ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம், கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பலாம். கேட்கவும் வாசிக்கவும் முடியாதவருக்கு யார் சொல்வது? ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவின் அனர்த்தத் திட்டத்திலும், இந்த வீட்டுக்கு இன்னார் நேரில் போய்த் தொட்டுச் சொல்ல வேண்டும் என்று பெயர் போட்டு எழுத வேண்டும். ஒரு வரிதான். பதிவு இருந்தால்தான் அந்த ஒரு வரியை எழுதலாம்.

சட்டத்தைக் கடைசியில் வைத்தேன், அது எனக்கு அவ்வளவு விருப்பமான பகுதியல்ல. இருந்தும் கோப்பில் எழுத உங்களுக்கு ஏதாவது வேண்டும். வலுவிழந்த ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24 ஆவது உறுப்புரை, கண் தெரியாதவர், காது கேளாதவர், இரண்டும் இல்லாதவர் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லி, அவரவருக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி கொடுக்க வேண்டும் என்கிறது. மூன்றாவது ஆட்களைத் தனியாகக் கணக்கில் எடுக்க நாங்கள் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை, நாடு கையெழுத்துப் போட்டதைத்தான் கேட்கிறோம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வேலையிலும் கல்வியிலும் வலுவிழப்பைக் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது. பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் இந்தியாவின் 2016 சட்டத்தில் இருபுலன் இழப்புக்குப் பெயர் சொல்லி இடம் இருக்கிறது, அரச வேலை ஒதுக்கீட்டிலும் இருக்கிறது. மாகாணத்தால் நாட்டின் சட்டத்தைத் திருத்த முடியாது என்று தெரியும். ஆனால் மாகாணப் படிவத்தில் ஒரு கட்டம் கூட்டுவதற்குப் பாராளுமன்றம் தேவையில்லை.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சனத்துக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்பும் சக்கர நாற்காலியும் தையல் இயந்திரமும் எத்தனையோ பேரை வாழவைக்கிறது. இவர்களுக்கு மட்டும் சாமானாக அனுப்ப ஒன்றுமில்லை. ஒருவரின் ஒரு வருடச் சம்பளத்தை அனுப்புங்கள். படம் எடுத்துப் போடும்படியாக ஒன்றும் நடக்காது, பரவாயில்லையா?

பத்துப் பிரதேசமும் ஒரேயடியாக முடியாது என்றால் கண்டாவளையிலும் புதுக்குடியிருப்பிலும் தொடங்குங்கள். முதலில் பதிவு, பிறகு ஆள். இதைப் பற்றிப் பேச நீங்கள் ஒரு கூட்டம் வைத்தால் நாங்கள் வருகிறோம். பத்து மணிக்குப் பிறகு வையுங்கள், முதல் பஸ்ஸில் சனம் கூடுதல், அவளைக் கூட்டிக்கொண்டு ஏற முடியாது. வெளிச்சம் நல்லாக வரும் யன்னலோரம் பார்த்து அவளுக்கு ஒரு கதிரை, பக்கத்தில் முழங்கால் முட்டும் தூரத்தில் எனக்கு ஒரு கதிரை. ஒருவர் பேசி முடித்த பிறகு மற்றவர் பேசுங்கள், பேசும்போது உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். நான் அவள் கையில் சொல்லி முடிக்கும்வரை கொஞ்சம் பொறுக்க வேண்டும். அவளிடமும் கேள்விகள் இருக்கின்றன. பேசும் மணிக்கூட்டைப் பற்றியும் ஒன்று இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு அக்கா,
கண்டாவளை